எல்சி ஏறிய விமானம்

புக்கிட் பெலண்டோக் ஊருக்கு உள்ளே, எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்களுக்கு நடுவில் இருக்கிற ஏழாங்கட்டைத் தோட்டத்துக்கு விமானம் இன்னும் வரவில்லை. ஆனால் விமானம் வந்தால் யார் எங்கே நிற்கக்கூடாது, எங்கே துணி காயப்போடக்கூடாது, வீட்டுச் சேவல் எவ்வளவு உயரம் வரைக்கும் பறக்கலாம் என்று சொல்கிற பலகைகள் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. பலகை அடிக்கிற விஷயத்தில் தேசியப் பயணிகள் விமான வாரியத்தை யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

வாரியம் வந்த கதை சின்னக் கதைதான். நாட்டுக்குச் சொந்தமாக ஒரு பயணிகள் விமானம் செய்ய வேண்டும் என்று மேலே யாருக்கோ தோன்றியது. விமானத்துக்கு ஓடுபாதை வேண்டும், ஓடுபாதைக்கு நிலம் வேண்டும், நிலத்துக்குத் தோட்டம் இருக்கவே இருக்கிறது. எது சுலபமோ அதை முதலில் செய்தார்கள். மரங்களைச் சாய்த்து, நீளமாகத் தார் ஊற்றி, இரண்டு பக்கமும் வேலி போட்டார்கள். அந்தத் தார், தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து வீடுகளுக்கும் வெளிரோட்டுக்கும் நடுவில் போனது. லயத்துச் சனம் லுக்குட்டு டவுனுக்குப் போவதானாலும் சிரம்பானுக்குப் போவதானாலும் அதைக் கடந்துதான் போக வேண்டும். சுற்றிப் போக ஒரு வழி இருந்திருந்தால் எட்வர்ட் ஏன் இந்தக் கதைக்குள் வந்து மாட்டப்போகிறான்?

எட்வர்ட் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவன். அதற்கு முன்பு பல வருஷம் குலை வெட்டினான். அவன் வெட்ட, மனைவி எல்சி கீழே உதிரிப்பழம் பொறுக்குவாள். அரிவாள் பூட்டிய கழியை மேலே தூக்கும் முன் மரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவான். ‘குலை விழப்போகுது, தள்ளிக்கோ’ என்று அர்த்தம். அவள் பக்கத்து மரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் தள்ளி நின்றாயிற்று என்று அர்த்தம். அந்த ஒரு தட்டு கேட்காமல் அவன் ஒருநாளும் வெட்டியது கிடையாது. முள்ளும் பாரமுமாக ஒரு குலை தலையில் விழுந்தால் ஆள் எழுந்திருக்க மாட்டார்.

இப்போது எல்சிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று தடவை லுக்குட்டில் மெஷினில் படுத்து ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும். அடுத்ததும் தவறினால் நெஞ்சில் நீர் கோத்து மூச்சு முட்டும். அதற்கு மேல் என்ன ஆகும் என்று டாக்டர் சொன்னபோது எட்வர்ட் காதைப் பொத்திக்கொள்ளாததுதான் பாக்கி.

வேலியில் கேட் திறந்த முதல் நாளே எட்வர்ட் அவளை மோட்டர் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் நின்றான். கேட்டுக்குப் பக்கத்தில் கப்பலில் சரக்கு வருகிற ஒரு கொண்டேனர் பெட்டி மேல் இன்னொரு பெட்டியை வைத்து ‘கட்டுப்பாட்டுக் கோபுரம்’ என்று எழுதியிருந்தார்கள். உள்ளே இருந்தது நல்லசாமி. நேற்று வரை தோட்டத்து வாட்ச்மேன், எட்வர்ட்டுக்குப் பக்கத்து வீடு. இன்றைக்கு விமானப் போக்குவரத்து உதவியாளர்.

“வண்டி பேரு?” என்றான் நல்லசாமி.

“டேய், தெனம் உன் வீட்டு வாசல்ல நிக்கிற மோட்டர்தான்டா.”

“ரூல்ஸ் லா எட்வர்ட்டு, கோவிச்சுக்காத. எங்கேருந்து கெளம்புறே?”

“உன் பக்கத்து வீட்லேருந்து.”

“எவ்ளோ ஒயரத்துல போறே?”

“தரையிலதான்டா!”

“தரைன்னு போட்டா கம்ப்யூட்டர் எடுக்க மாட்டேங்குது. எதாச்சும் ஒரு ஒயரம் சொல்லு.”

எட்வர்ட் மோட்டர் சீட்டின் உயரத்தைச் சொன்னான். அவ்வளவு தாழப் பறப்பது ஆபத்து என்று கம்ப்யூட்டர் மறுத்துவிட்டது. செம்பனை மர உயரம் சொன்னான். ஏற்றுக்கொண்டது. பின்னால் உட்கார்ந்திருந்த எல்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அனுமதி தலைமையகத்திலிருந்து வர வேண்டுமாம். அது வந்து சேர்வதற்குள் சிரிப்பு அடங்கி, வெயில் ஏறி, லுக்குட்டில் அவளுடைய மெஷினில் வேறு ஆளைப் படுக்க வைத்துவிட்டார்கள். கெஞ்சிக் கூத்தாடி பாதி நேரம் வாங்கினார்கள். அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் இதே கூத்துதான்.

பொறுத்துப் பார்த்துவிட்டு எட்வர்ட் வாரிய ஆபீசுக்கே போனான். பழைய துரை பங்களாதான் ஆபீஸ். முன் ஹாலில் விமானத்தின் வாலுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று ஒரு குழு பேசிக்கொண்டிருந்தது. இந்தக் குழு தொடங்கிய நாளிலிருந்து மூன்று தலைவர்கள் மாறிவிட்டார்களாம், நிறம் மட்டும் முடிவாகவில்லை. அடுத்த அறையில் ஆகாயத்தில் பரிமாறப்போகும் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றை ருசி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் இது மூன்றாவது தட்டு. அதற்கடுத்த அறை பணிப்பெண்களின் கெபாயா உடுப்புப் பிரிவு. எஞ்சின் பிரிவு எங்கே என்று பார்த்தால், பின்னால் சமையல் குசினியில் இருந்தது. அங்கே ஒரே ஒரு பெண், பெயர் அக்ஷரா, கம்ப்யூட்டர் முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

“எப்பம்மா விமானம் வரும்? வந்து பறந்து தொலைச்சா நாங்க ரோட்ட கடந்துக்குவோம்,” என்றான் எட்வர்ட்.

“அங்கள், எஞ்சின் கம்பெனி என்னா சொல்றான்னா, சர்ட்டிபிகேட் கெடச்ச விமானத்துக்குத்தான் எஞ்சின் விப்பானாம். சர்ட்டிபிகேட் குடுக்குறவங்க, எஞ்சின மாட்டி பறந்து காட்டுங்கன்றாங்க. ஏர்லைன்காரன், பறந்தா வாங்குறேன்றான். பேங்க்காரன், யாராச்சும் வாங்குறேன்னு சொன்னாதான் செய்யறதுக்கே கடன் குடுப்பேன்றான்.”

“அப்ப நீ என்னாதாம்மா பண்றே?”

“நாலு பேருக்கும் மாத்தி மாத்தி ஈமெயில் அனுப்புறேன் அங்கள்.”

அமைச்சர் மாறும்போதெல்லாம் விமானத்தின் அளவும் மாறுகிறது என்றாள். ஒருவருக்குச் சின்னதாக வேண்டும், இன்னொருவருக்கு மெக்கா வரைக்கும் நிற்காமல் போக வேண்டும். வரைந்ததை எல்லாம் குப்பையில் போட்டு மறுபடி முதலிலிருந்து வரைவாள். இதுவரைக்கும் நாட்டிலேயே செய்து முடித்தது எது என்று கேட்டபோது மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பலகையை எடுத்துக் காட்டினாள். சீட்டுக்குப் பின்னால் மடக்கி வைக்கிற சாப்பாட்டுப் பலகை.

“இது நம்மளுது அங்கள். கப் வைக்கிற பள்ளம்கூட நான்தான் டிசைன் பண்ணேன்.” சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லாப் படித்த பிள்ளை, பாவம். எட்வர்ட் தன் கஷ்டத்தைச் சொல்ல வந்தவன், அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

வாசலில் சுரேந்திரன் பிடித்துக்கொண்டார். சிரம்பான் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை, வாரியத்தின் சமூக உறவு அதிகாரி. வாயில் ‘முடியாது’ என்ற சொல்லே வராது. எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார், எதையும் செய்ய மாட்டார்.

“அண்ணே, உங்களத்தான் தேடிக்கிட்டிருந்தேன். ஒங்க டிராக்டர் கொஞ்சம் எரவல் வேணும்.”

“எதுக்கு சார்?”

“விமானத்துக்கு.”

விஷயம் இதுதான். அமைச்சர் வருகிறார், திறப்பு விழா. கண்ணாடி இழையில் விமானத்துக்கு உடம்பும் இறக்கையும் செய்தாயிற்று. பறக்க வேண்டாம், ஓடுபாதையில் ஓடினால் போதும். ஓட எஞ்சின் இல்லை. ஆகவே எட்வர்ட்டின் டிராக்டர் மேல் விமானத்தைத் தூக்கி உட்கார வைத்துவிடலாம்.

“டிராக்டர் சத்தம் கேக்குமே சார்?”

“அதுக்குத்தானே ரெண்டு செட்டு கொம்பாங் மேளம் சொல்லியிருக்கோம். நீங்க இத மட்டும் செய்யுங்க, ஒங்க வீட்டம்மாவுக்கு கேட்டுல நிரந்தர அனுமதி நான் வாங்கித் தரேன்.”

நிரந்தர அனுமதி என்றதும் எட்வர்ட்டுக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. ஒத்திகைக்கு வா என்றார்கள், போனான். ஒத்திகை அன்றைக்கு ஓடுபாதையை முழுக்க மூடிவிட்டார்கள், எல்சி மெஷினுக்குப் போக முடியவில்லை. மறுநாள் கால் இரண்டும் வீங்கி, செருப்பு ஏறவில்லை. விழா நாளோ அவளுடைய அடுத்த முறை. அன்றைக்கும் வழி அடைப்புதான்.

எட்வர்ட் சுரேந்திரனிடம் போய்க் கத்தினான். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. அவர் முகத்தில் ஒரு யோசனை பளிச்சென்று வந்தது.

“அப்படின்னா ஒங்க வீட்டம்மாவையே மொத பயணியா ஏத்திடுவோம்ணே! உள்ளூர் மக்கள்லேருந்து ஒருத்தர். ஜன்னல்ல உக்காந்து கை ஆட்டுனா போதும். ஒம்பதுக்கு அமைச்சர் வர்றாரு, பத்துக்கெல்லாம் விமானம் அந்தக் கோடிக்குப் போயிரும். அங்க இன்னொரு கேட் இருக்கு, அதுக்கு வெளிய வாடகை வேன் ஓட்டுற அர்ச்சுனன வந்து நிக்கச் சொல்றேன். எறங்கி, நேரா லுக்குட்டு.”

“நிச்சயமா சார்?”

“அண்ணே, இது நேஷனல் புரோகிராம்.”

இது பதிலே இல்லை என்று எட்வர்ட்டுக்குத் தெரியும். ஆனால் வேறு என்ன செய்ய முடியும்? வீட்டில் எல்சியிடம் சொன்னான்.

“ஏரப்ளேன்ல ஏறணும்னு ஆசப்பட்டேன்தாங்க. மாதாவே, இப்படியா குடுப்பே!”

விழா நாள் காலையில் நாற்காலிகளுக்கெல்லாம் வெள்ளைத் துணி கட்டி, பின்னால் மஞ்சள் ரிப்பன் முடிந்து, பந்தல் ஜோராக இருந்தது. எல்சிக்கு வாரியத்தின் டீசர்ட்டைப் போட்டு, சிலிப்பரோடு மெல்ல ஏணியில் ஏற்றி, ஒரே ஒரு சீட்டில் உட்கார வைத்தார்கள். முன்னால் அக்ஷராவின் சாப்பாட்டுப் பலகை. எட்வர்ட் விமானத்தின் வயிற்றுக்குள், டிராக்டர் மேல் உட்கார்ந்தான். முன்னால் பார்க்க முகம் அளவுக்கு ஓர் ஓட்டை. பொத்தானை அமைச்சர் அமுக்கியதும் கிளம்ப வேண்டும், அதற்கு முன் மூச்சுக் காட்டக்கூடாது என்று உத்தரவு.

அவன் தலைக்கு நேர் மேலே எல்சி. நடுவில் ஒரு மெல்லிய தகடு. இரண்டு தட்டுத் தட்டினான். மேலே எல்சி காலால் ஒரு தட்டுத் தட்டினாள். எட்வர்ட்டுக்கு அந்த இருட்டிலும் சிரிப்பு வந்தது.

ஒன்பது ஆயிற்று, அமைச்சர் வரவில்லை. பத்து ஆயிற்று. வேறொரு திறப்பு விழாவில் பொத்தான் வேலை செய்யவில்லையாம், அமுக்கிக்கொண்டே இருக்கிறாராம். வெயில் ஏறி, விமானம் உள்ளே அடுப்பாகக் கொதித்தது. எட்வர்ட் தட்டினான். கொஞ்சம் பொறுத்து ஒரு தட்டு வந்தது. ஓட்டை வழியே, அந்தப் பக்கம் போன சுரேந்திரனைக் கூப்பிட்டான்.

“சார், அவளுக்கு மூச்சு வாங்குது சார். எறக்கி விடுங்க, தூக்கிட்டாவது போறேன்!”

“கொஞ்சம் பொறுங்கண்ணே. ஏணிய போட்டோவுல தெரியுதுன்னு எடுத்துட்டாங்க. இதோ வந்துட்டாரு.”

வந்தார். அதன் பிறகு வரவேற்பு, பிரார்த்தனை, நாட்டுப் பாட்டு, மாநிலப் பாட்டு, வாரியப் பாட்டு. மேடையில் இருந்தவர்களின் பட்டங்களைச் சொல்லி முடிக்கவே ஒரு பானைச் சோறு வெந்துவிடும். பிறகு வாரியத் தலைவர் பேச எழுந்தார். ஸ்பீக்கர் எட்வர்ட்டின் காதுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

“விமானம் செய்வது கஷ்டம் என்கிறார்கள். செய்து பார்த்தவர்களுக்குத்தான் அது கஷ்டம். நாங்கள் ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு கஷ்டத்தையும் உணரவில்லை,” என்றார் தலைவர். கைதட்டல்.

எட்வர்ட் தட்டினான். மேலே இருமல் கேட்டது. பிறகு ஒரு தட்டு.

“நம் விமானம் இன்றுவரை ஒரு விபத்தில்கூட சிக்கியதில்லை. ஒரு பயணியின் பெட்டியைக்கூட தொலைத்ததில்லை. உலகத்தில் வேறு எந்த நிறுவனமாவது மார்தட்டி இப்படிச் சொல்லட்டும் பார்ப்போம்!” பெரிய கைதட்டல்.

எட்வர்ட் தட்டினான். நேரம் எடுத்தது. தட்டு வந்தது, ஆனால் தட்டு மாதிரி இல்லை, கால் நழுவின மாதிரி இருந்தது.

“எஞ்சின் வெளிநாட்டிலிருந்து வரும். இறக்கை வெளிநாட்டிலிருந்து வரும். செய்யத் தெரிந்த ஆட்களும் வெளிநாட்டிலிருந்து வருவார்கள். ஆனால் அவர்கள் வருவார்கள் என்கிற நம்பிக்கை இருக்கிறதே, அது நூற்றுக்கு நூறு உள்நாட்டுத் தயாரிப்பு!” சனம் எழுந்து நின்று தட்டியது.

கைதட்டல் அடங்கட்டும் என்று காத்திருந்து எட்வர்ட் தட்டினான். இரண்டு தட்டு. பதில் இல்லை. மறுபடி இரண்டு. கையை முஷ்டியாக்கி, தகடு நெளிகிற மாதிரி இரண்டு. மேலே ஒன்றும் இல்லை.

“எல்சி!” என்று கத்தினான். “எல்சி, ஒரு தட்டு தட்டும்மா!”

அந்த ஒரு தட்டு கேட்காமல் அவன் ஒருநாளும் குலை வெட்டியதில்லை என்று சொன்னேன் அல்லவா? அன்றைக்கு அது கேட்காமலே கிளம்பினான். பொத்தானாவது, அமைச்சராவது! சாவியைத் திருகினான். டிராக்டர் உறுமிக்கொண்டு எழுந்தது. தலைவர் பேச்சின் நடுவில் வாயைப் பிளந்து நின்றார். கொம்பாங்காரர்கள் திடுக்கிட்டு அடிக்க ஆரம்பித்தார்கள். அமைச்சர் பதறி எழுந்து, தாமதமாகிவிட்டதோ என்று பயந்து, பொத்தானை ஓடிப்போய் அமுக்கினார். வண்ணப் புகை கிளம்பியது. தேசத்தின் முதல் பயணிகள் விமானம் புறப்பட்டுவிட்டது.

ஓடுபாதை ஓடுவதற்குத் தோதாகத்தான் இருந்தது, அதில் குறை சொல்ல முடியாது. எட்வர்ட் அழுதுகொண்டே ஓட்டினான். அந்தக் கோடியில் கேட் திறந்திருந்தது. வெளியே அர்ச்சுனனின் வேன் இல்லை. அமைச்சர் வருகிற வழி என்று போலீஸ்காரர்கள் காலையிலேயே அவனை விரட்டிவிட்டார்கள். எட்வர்ட் பிரேக்கை மிதிக்கவே இல்லை. கேட் தூண்களில் பட்டு இரண்டு இறக்கையும் முறிந்து விழுந்தன. தூரத்தில் பந்தலிலிருந்து கைதட்டல் கேட்டது. மடக்கும் இறக்கை என்று அறிவிப்பாளர் சொன்னாராம்.

வெளிரோட்டில் அமைச்சருக்காக நின்ற போலீஸ் மோட்டர்கள் இரண்டு, விமானத்தைக் கண்டதும் விறைப்பாகச் சல்யூட் அடித்துவிட்டு, விளக்கைச் சுழலவிட்டு முன்னால் போக ஆரம்பித்தன. இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டார்கள். லாரிகள் ஒதுங்கின. லுக்குட்டில் சிவப்பு விளக்கு பச்சையானது. எல்சிக்காக எட்வர்ட் எத்தனையோ பேரிடம் கெஞ்சியும் திறக்காத வழி, ஒரு பொம்மைக்காக ஒரேயடியாகத் திறந்துவிட்டது.

டயாலிசிஸ் நிலையத்து வாசலில் நிறுத்திவிட்டு, டிராக்டர் மேலேயே ஏறி நின்று தகட்டைப் பிய்த்தான். எல்சி சாப்பாட்டுப் பலகையில் தலை சாய்ந்து கிடந்தாள். உதடு நீலம். நர்ஸ் மிஸ்ஸிகள் ஓடி வந்தார்கள். அவளை வாங்கி, ஆக்சிஜன் கொடுத்து, வேறு யாருடைய மெஷினையோ பிடுங்கி மாட்டினார்கள். எட்வர்ட் வாசல்படியில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டான். பின்னேரம் அவள் கண்ணைத் திறந்து, “எறங்கிட்டோமா?” என்று கேட்டபோதுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

அவளை வீட்டுக்குக் கூட்டி வந்த மறுநாள் சுரேந்திரன் வந்தார். கையில் ஒரு குடை, ஒரு மக், விமானப் படம் போட்ட துவாலை. எல்சி உள்ளே படுத்திருந்தாள். எட்வர்ட் வாசல் அஞ்சடியில் நின்றான். போலீசில் பிடித்துக்கொடுக்கப் போகிறார்கள் என்று இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை அவனுக்கு.

“அண்ணே, கங்கிராட்ஸ்! மேல எல்லாரும் பயங்கர சந்தோசம். விமானம் லுக்குட்டு வரைக்கும் போயிருக்கு, பயணி பத்திரமா எறங்கியிருக்காங்க. ஒரே ஒரு கொறைதான். தரையவிட்டு மேல கெளம்பல. அதுக்குத் தொழில்நுட்பக் குழு கூடி காரணம் கண்டுபிடிச்சிட்டாங்க.”

“சார், அது டிராக்டர்.”

“எனக்குத் தெரியாதாண்ணே? அறிக்கையில டிராக்டர்னு ஒரு வார்த்த இல்லியே. விமானம் அவ்ளோ தூரம் ஓடியும் மேல கெளம்பலன்னா என்னா அர்த்தம்? ஓடுபாதை போதல. நீட்டணும். அந்தப் பக்கம் இறக்கை ஒடஞ்சு கெடக்கு, விசாரணை. அதனால இந்தப் பக்கமா நீட்டுறாங்க.”

எட்வர்ட் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான். இந்தப் பக்கம் லயம்தான் இருந்தது. நல்லசாமி வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் நடுவில் புதிதாக ஒரு பலகை நட்டிருந்தார்கள்.

“நாளைக்கு அவளுக்கு மெஷின் சார். நிரந்தர அனுமதி தரேன்னு சொன்னீங்களே.”

“கண்டிப்பா தரேன். அளவெடுக்குற வரைக்கும் கேட்ட மூடியிருக்காங்க, தொறந்ததும் மொத ஆள் நீங்கதான். எழுதிக் குடுங்க, மேல அனுப்புறேன்.” அவர் குடையை எட்வர்ட் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனார்.

எட்வர்ட்டுக்கு உள்ளே போய்ச் சொல்ல வாய் வரவில்லை. எப்படிச் சொல்வது? வெளியிலிருந்தபடியே பலகைச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினான்.

உள்ளே எல்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள். அவள் திருப்பித் தட்டவில்லை.

“எங்கங்க தள்ளி நிக்கிறது?” என்று கேட்டாள்.